அப்பா கேட்ட படங்கள்: கியோட்டோவில் ஆறு நாள்

முதல் நாள், நவம்பர் 18

கடலுக்குள் மண்ணைக் கொட்டித் தீவாக்கி அதன்மேல் கட்டிய கான்சாய் விமான நிலையத்தில் காலையில் இறங்கினோம். அங்கிருந்து கியோட்டோவுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். நானும் அப்பாவும் மட்டும்.

அப்பாவுக்கு 69 வயது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஐம்பது வருஷம் தச்சு வேலை செய்தவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவர் கை வைத்த நிலையோ கதவோ இல்லாத தெரு குறைவு. இரண்டு முறை தேர் திருப்பணியிலும் வேலை பார்த்திருக்கிறார். வலது கையில் லேசாக நடுக்கம் வந்த பிறகு, போன வருஷம் பட்டறையை மூடினார். அதற்கப்புறம் வீட்டில் அதிகம் பேசாமலே இருந்தார். ஜப்பானில் மலையளவு கோயில்களை மரத்தாலேயே கட்டியிருக்கிறார்கள் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னேன். அதை அவர் மறக்கவில்லை. "அந்த மரக் கோயிலு எந்த ஊர்லன்னு சொன்னே?" என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டார். நான் பள்ளி ஆசிரியை. சேர்த்து வைத்திருந்த விடுப்பும் கொஞ்சம் பணமும் இருந்தன. கிளம்பிவிட்டோம்.

கம்மு என்ற பேரரசர் 794-இல் தலைநகராக்கிய ஊர் இது. 1860-களின் கடைசியில் பேரரசர் தோக்கியோவுக்குப் போகும்வரை, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஜப்பானின் அரசர்கள் இங்கேதான் இருந்தார்கள். ஊர்ப் பெயரில் இருக்கும் 'கியோ', 'தோ' இரண்டு எழுத்துக்குமே தலைநகரம் என்றுதான் பொருள்.

இன்று மூன்றே படங்கள். முதலிரண்டும் ரயில் நிலையம். 1997-இல் திறந்த கட்டடம்; முழுக்க இரும்பும் கண்ணாடியும். மூன்றாவது விடுதி ஜன்னலிலிருந்து எடுத்தது. வீடுகளுக்கு மேலே கறுப்பாக ஐந்து அடுக்குக் கோபுரம் தெரிகிறதே, அது தோஜி கோயில். உயரம் சுமார் 55 மீட்டர். ஜப்பானின் மரக் கோபுரங்களில் இதுதான் உயரமானது.

"முழுக்க மரமா?"

"ஆமாப்பா."

இருட்டி ஒன்றும் தெரியாமல் போகும்வரை ஜன்னலை விட்டு அவர் நகரவில்லை.

இரண்டாம் நாள், நவம்பர் 19

தங்கக் கோயில், மூங்கில் காடு என்று எல்லோரும் சொல்லும் இடங்களை நான் எழுதி வைத்திருந்தேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு பெரிய கோயில்கள் இருக்கின்றன, அனுமதி இலவசம், நடந்தே போகலாம் என்பதால் அங்கிருந்து தொடங்கினோம். தொடங்கிய இடத்திலேயே மதியம்வரை நின்றுவிட்டோம்.

ஹிகாஷி ஹொங்கான்ஜி கோயிலின் முதன்மை மண்டபம் 1864-இல் நகரத்தையே தின்ற தீயில் எரிந்துபோனது. இப்போதிருப்பது 1895-இல் கட்டி முடித்தது. 76 மீட்டர் நீளம், 58 மீட்டர் அகலம், 38 மீட்டர் உயரம். உலகின் மிகப் பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று. உள்ளே பாய் விரித்த தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தால், தூண்கள் போய்ச் சேரும் இடம் நிழலில் மறைந்துவிடுகிறது.

நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பாம்புபோலச் சுருண்டு கிடக்கும் கறுப்பு வடம்தான் முதல் படம். அது பெண்களின் கூந்தல். இந்த மண்டபத்துக்கான பெரிய மரங்களை இழுக்கும்போது சாதாரணக் கயிறுகள் அறுந்துகொண்டே இருந்தன. அதனால் நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். சணலோடு அதைச் சேர்த்து வடம் முறுக்கினார்கள். இங்கே இருக்கும் வடம் 69 மீட்டர் நீளம், 375 கிலோ எடை. கூந்தலில் நரையும் கலந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எந்த ஊர்ப் பாட்டியோ, கோயிலைக் கண்ணால் பார்க்காமலேயே தன் வெள்ளை முடியைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

அப்பா வடத்தின் முறுக்கைப் பார்த்தார். "தேர் வடம் மாதிரியேதான் முறுக்கியிருக்கான்" என்றார். "இத எடுத்துக்க. கிட்டத்துல எடு."

பிற்பகல் நிஷி ஹொங்கான்ஜி. இங்கே அப்பா தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். தாழ்வாரப் பலகைகளில் கணு விழுந்து ஓட்டையான இடங்களை வேறு மரத்துண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளை வெறும் வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டவில்லை. ஒன்று சுரைக்காய், ஒன்று இலை, ஒன்று மலை, இன்னொன்று விசிறி. பலகைக்கும் துண்டுக்கும் நடுவில் நகம்கூட நுழையாது. அப்பா மண்டியிட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். கடந்துபோன ஒரு துறவி நின்று பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சற்றுத் தள்ளி இன்னொன்றைக் காட்டினார்.

"ஒட்டுப் போட்டது தெரியக்கூடாதுன்னு நாங்க மெனக்கெடுவோம். இவன் தெரியட்டும்னே போட்டிருக்கான் பாரு" என்றார் அப்பா. இன்றைய படங்களில் பதினேழு இந்த ஒட்டுகள்தான்.

மாலையில் சஞ்சூசான்கென்தோ. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் எழுத்தில் சொல்கிறேன். 120 மீட்டர் நீளமான ஒரே கூடம். பெயருக்கே 33 இடைவெளி கொண்ட மண்டபம் என்றுதான் அர்த்தம்; தூண்களுக்கு இடைப்பட்ட அங்கணங்கள் 33. உள்ளே ஆயிரத்தொரு கன்னோன் சிலைகள். நாம் அவலோகிதேசுவரர் என்று சொல்லும் போதிசத்துவர்தான் இங்கே கன்னோன். நடுவில் உட்கார்ந்த பெரிய சிலை ஒன்று. இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் ஐந்நூறு ஐந்நூறாக நிற்கும் சிலைகள், பத்து வரிசைப் படிகளில். எல்லாம் ஹினோக்கி என்ற ஒரு வகை சைப்ரஸ் மரம், மேலே பொன் ரேக்கு. 1164-இல் கட்டிய கோயில் 1249-இல் எரிந்தது. தீயிலிருந்து தூக்கிவந்து காப்பாற்றிய சிலைகள் 124. மீதியைப் புதிதாகச் செதுக்கி 1266-இல் மண்டபத்தை மறுபடி எழுப்பினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. பெயர்களைப் படிக்கப் படிக்க எனக்கு மெய் சிலிர்த்தது. கருரா என்பது கருடன். இங்கே அவர் குழல் ஊதுகிறார். நாராயணனும் உண்டு, பிரமனும் இந்திரனும் உண்டு, அசுரனும் கின்னரரும் உண்டு. பாசு என்ற பெயரில் எலும்பும் தோலுமாகக் கோலூன்றி ஒரு முனிவர் நிற்கிறார்; அவர் வசு. பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாமிகளை அப்பா ஒவ்வொருவராகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நடுவில் இருக்கும் பெரிய சிலை 1254-இல் முடிந்தது. செய்தவர் தன்கெய். அப்போது அவருக்கு 82 வயது என்று படித்துச் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், "எம்பத்திரண்டு வயசுலயா உளி புடிச்சான்?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள், நவம்பர் 20

கியோமிசு கோயில். மேப்பிள் இலை சிவக்கும் பருவம் என்பதால் ஏறும் தெரு முழுக்கக் கூட்டம். அப்பாவுக்கு முழங்கால் வலி. இரண்டு இடத்தில் உட்கார்ந்து, இஞ்சி போட்ட சூடான பானம் குடித்து, மெதுவாக ஏறினோம்.

கோயில் தொடங்கியது 778 என்கிறார்கள். எரிந்து, திரும்பக் கட்டி, மறுபடி எரிந்து, இப்போது நிற்பது 1633-இல் எழுந்தது. மலைச்சரிவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரமேடைதான் இதன் புகழ். தரையிலிருந்து 13 மீட்டர் உயரம். மேடையில் நின்று எடுத்த படங்கள் முதலில் இருக்கின்றன. கீழே சிவப்பும் மஞ்சளுமாகப் பள்ளத்தாக்கு, தூரத்தில் நகரம். ஜப்பானியர்கள் பெரிய முடிவு ஒன்றைத் துணிந்து எடுக்கும்போது கியோமிசு மேடையிலிருந்து குதிப்பதுபோல என்பார்கள். ஒரு காலத்தில் வேண்டுதலுக்காக நிஜமாகவே குதித்திருக்கிறார்கள். 1872-இல் அதற்குத் தடை வந்தது.

அப்பா மேடையில் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. "கீழ போவோம். தாங்குறது எதுன்னு பாக்கணும்."

கீழே போன பிறகுதான் எனக்கும் புரிந்தது. செல்கோவா என்ற கடினமான மரத்தில் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள், பாறைமேல் நேராக நிற்கின்றன. தூணைக் குறுக்காகத் துளைத்து நீளச் சட்டங்களைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு ஆணி கிடையாது. தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின் முனைகளில் மழை இறங்காமலிருக்கச் சின்னச் சின்னப் பலகைத் தொப்பி வேறு. அப்பா துளையையும் ஆப்பையும் காட்டி விளக்கிக்கொண்டே வந்தார். மரம் காய்ந்து சுருங்கினால் ஆப்பைத் தட்டினால் போதும், மறுபடி இறுகிவிடும். நிலம் ஆடினால் கட்டு மொத்தமும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். விறைப்பாக நின்றால்தான் ஒடியும். ஆணி அடித்திருந்தால் இரும்பு துருவேறி அந்த இடமே முதலில் மக்கியிருக்கும். அவர் இவ்வளவு தொடர்ந்து பேசிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதனால்தான் இன்று அடியிலிருந்து எடுத்த படங்கள் நாற்பதுக்கும் மேல். ஒரே மாதிரி இருக்கிறதே என்று நினைக்காமல் ஆப்புகளை மட்டும் பாருங்கள்.

கூரையையும் சொல்ல வேண்டும். அது ஓடு அல்ல, ஹினோக்கி மரத்தின் பட்டை. எழுபது எண்பது வயதான மரத்திலிருந்து, மரம் சாகாதபடி வெளிப்பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். பத்து வருஷம் போனால் அதே மரம் மறுபடி பட்டை கொடுக்கும். அடுக்கடுக்காக வைத்து மூங்கில் ஆணியால் அடிக்கிறார்கள். முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை கூரை முழுவதையும் மாற்ற வேண்டும். இங்கே கடைசியாக மாற்றி முடித்தது 2020-இல். அப்படியானால் ஒரு தலைமுறையில் கூரை வேய்ந்தவன், கையில் தெம்பு இருக்கும்போதே அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். கல்லில் கட்டியிருந்தால் இந்தக் கட்டாயம் வந்திருக்காது.

இரவு கியோன் தெருக்களில் நடந்தோம். பெரிய தெருவில் எடுத்த படங்கள் மட்டும் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் தனியார் சந்துகளில் நுழைவதற்கும் படம் எடுப்பதற்கும் தடை என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் மைக்கோ பெண்களை, அதாவது கெய்ஷா கலை பயிலும் இளம் பெண்களை, வழிமறித்துப் படமெடுக்கும் தொல்லை தாங்காமல் வைத்த பலகை அது. ஒரு பெண் வெள்ளை முகப்பூச்சோடு வேகமாகக் கடந்து போனாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவள் பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளை. என் பள்ளி மாணவிகளின் ஞாபகம்தான் வந்தது.

முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் பழைய மரவீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. 1945-இல் அணுகுண்டு போடுவதற்கான பட்டியலில் கியோட்டோ இருந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை நீக்கினார். அந்த இடத்தில் நாகசாகி சேர்ந்தது. இந்த அழகான தெருவில் நடக்கும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்க முடியவில்லை.

நான்காம் நாள், நவம்பர் 21

பயணத்துக்கு இந்த வாரத்தை நான் தேர்ந்தெடுத்ததே இன்றைக்காகத்தான். தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி சந்தை கூடும். ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவை நிறுவிய துறவி கூக்காய் இறந்த தேதி அது. 823-இல் இந்தக் கோயில் அவர் பொறுப்பில் வந்தது. காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். ஊறுகாய், பழைய கிமோனோ, பூத்தொட்டி, இரும்புக் கெட்டில், வறுத்த கஷ்கொட்டை. ஆயிரம் கடை இருக்கும் என்று தோன்றியது.

வளாகத்தின் மேற்குப் பக்கம் ஒரு மூலையில், தார்ப்பாய் விரித்துப் பழைய தச்சுக் கருவிகள். விற்பவருக்கு எண்பது வயதிருக்கும். அப்பா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதற்கப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அப்பா ஓர் உளியை எடுத்து வாயைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பெரியவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்த பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு கடையில் பரப்பியிருந்த எதையும் அவர் காட்டவில்லை. எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தன.

ஓர் இழைப்புளி வந்தது. நம்முடையதுபோல் கைப்பிடி இல்லை. ஓக் மரக் கட்டை ஒன்று, அதில் சரிவான பள்ளம், பள்ளத்தில் தானே இறுகி நிற்கும் தடித்த இரும்பு. அந்த இரும்பு ஒரே உலோகம் அல்ல. மெத்தென்ற இரும்பின்மேல் மெல்லிய எஃகைக் காய்ச்சி ஒட்டியது. சாய்த்துப் பிடித்தால் இரண்டும் சேரும் கோடு தெரிகிறது. படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பெரியவர் ஒரு மரத்துண்டைக் கொடுத்து, இழைத்துப் பார்க்கும்படி கை காட்டினார். அப்பா ஐம்பது வருஷப் பழக்கத்தில் முன்னால் தள்ளினார். ஓடவில்லை. பெரியவர் தலையசைத்துவிட்டு, அப்பாவின் கைமேல் தன் கையை வைத்துத் தன் பக்கமாக இழுத்தார். இங்கே இழைப்புளியைத் தள்ள மாட்டார்கள், இழுப்பார்கள், ரம்பமும் அப்படித்தான். இரண்டாவது முறை இழுத்தபோது வெங்காயத் தோல் போலச் சுருள் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் கோபுரம் தெரிந்தது.

இழுக்கும்போது கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோளும் இடுப்பும் சேர்ந்து பின்னால் போகின்றன, உடம்பு கையைத் தாங்கிக்கொள்கிறது. அப்பாவும் கவனித்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நான்கு முறை இழுத்தார்.

விலை 3,500 யென், நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,000 ரூபாய். பேரம் பேசவில்லை. பெரியவர் ஒரு சின்ன உளியையும் செய்தித்தாளில் சுற்றி அதோடு வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பா தன் சட்டைப் பையிலிருந்த தச்சுப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். பட்டறையை மூடிய பிறகும் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார் என்பது எனக்கே இன்றுதான் தெரியும். இருவரும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பொதுவில் போட எனக்கு மனமில்லை. கைகள் மட்டும் தெரியும் படம் இருக்கிறது.

பிறகு கோயிலுக்குள் போனோம். கோபுரம் நான்கு முறை எரிந்தது. இப்போது நிற்பது 1644-இல் கட்டியது. நடுவில் ஒரு பெருந்தூண் மேலேவரை போகிறது. ஆனால் அடுக்குகள் அதன்மேல் உட்காரவில்லை. நிலநடுக்கத்தில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக அசைந்து கொடுக்கும். போதனை மண்டபத்தில் 21 சிலைகள். யானைமேல் இந்திரன், வாத்துகள் தாங்கும் பீடத்தில் பிரமன். இங்கும் உள்ளே படம் எடுக்கக் கூடாது.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சமஸ்கிருதத்தை எழுத உதவிய சித்தம் என்ற இந்திய எழுத்து, பௌத்தத் துறவிகள் வழியாகத்தான் இங்கே வந்தது. கூக்காய் அதைச் சீனாவில் கற்றவர். கல்லறைகளில் நடும் மரப்பட்டிகைகளில் இன்றும் அந்த எழுத்தைப் பார்க்கலாம். ஜப்பானியப் பிள்ளைகள் இன்று படிக்கும் அகரவரிசையும் அந்த இந்திய ஒலிமுறையிலிருந்து வந்ததுதான். உயிர் அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள் நான். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 22

கியோட்டோவுக்கு முன்பு தலைநகராக இருந்த ஊர்களில் ஒன்று நாரா. 710 முதல் 784 வரை. ரயிலில் முக்கால் மணி நேரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் தெருவிலேயே திரிகின்றன. பிஸ்கட்டைக் காட்டினால் தலையைத் தாழ்த்தி வணங்கிக் கேட்கின்றன. மான் படங்கள் எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு.

தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசல் 1199-இல் திரும்பக் கட்டியது. இரண்டு பக்கமும் எட்டு மீட்டருக்கும் அதிகமான காவலர் சிலைகள். உன்கெய், கைகெய் தலைமையிலான சிற்பிகள் 1203-இல் வெறும் 69 நாளில் முடித்தவை. பின்னாளில் சீரமைப்புக்காகப் பிரித்தபோது ஒவ்வொன்றும் சுமார் 3,000 மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்று தெரிந்தது. அதனால்தான் அத்தனை வேகம், ஆளுக்கொரு துண்டு என்று பிரித்துக் கொடுத்துச் செய்திருப்பார்கள் என்றார் அப்பா.

உள்ளே 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752-இல் இவருக்குக் கண் திறப்பு நடந்தபோது தூரிகையைப் பிடித்துக் கண் எழுதியவர் இந்தியாவிலிருந்து வந்த துறவி போதிசேனர். 736-இலேயே ஜப்பானுக்கு வந்து சேர்ந்துவிட்டார். தூரிகையில் கட்டிய நீண்ட நூல்களைக் கூடியிருந்தவர்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டார்களாம், கண் எழுதும் புண்ணியத்தில் பங்குபெற. அரச குடும்பத்தார் முதல் எல்லோர் கையிலும் ஒரு நூல். அந்த மறுமுனையில் நம் நாட்டுக்காரர் ஒருவர். அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மண்டபம் 1180-இலும் 1567-இலும் போரில் எரிந்தது. 1709-இல் முடித்த இப்போதைய மண்டபம் முதலில் இருந்ததைவிடச் சிறியது. இப்போது 57 மீட்டர் அகலம், அப்போது 86 மீட்டர். அவ்வளவு பெரிய மரங்கள் கிடைக்கவில்லை. தூண்களை உற்றுப் பார்த்தால் தெரியும்: பல துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டையால் கட்டியிருக்கிறார்கள். "மரம் தீந்துபோச்சு, அதான்" என்றார் அப்பா. தேருக்கு இலுப்பை மரம் தேடி அவர் அலைந்த நாட்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டைகளின் படம்தான் இன்று அவர் கேட்டது. ஒரு தூணின் அடியில் புத்தரின் மூக்குத்துளை அளவுக்கு ஓட்டை. சிறுவர்கள் வரிசையில் நின்று நுழைந்து வெளியே வருகிறார்கள்.

ஆறாம் நாள், நவம்பர் 23

காலையில் கின்காக்குஜி, தங்கக் கோயில். 1397-இல் எழுந்தது, 1950-இல் ஓர் இளம் துறவி தீ வைத்ததில் சாம்பலானது, 1955-இல் திரும்பக் கட்டினார்கள். குளத்தில் நிழல் விழும் படம் எல்லோரும் எடுக்கும் இடத்திலிருந்துதான் எடுத்தேன். அழகாகத்தான் இருக்கிறது. அப்பா பத்து நிமிஷத்தில், "தங்கத்த பூசிட்டான், மரம் தெரியல. போவமா?" என்றார்.

பேரரசர் மாளிகையில் அதிக நேரம் இருந்தோம். அனுமதி இலவசம். இதுவும் பலமுறை எரிந்ததுதான். இப்போதிருப்பது 1855-இல் கட்டியது. கட்டி முடித்துப் பதினைந்து வருஷம்கூட ஆகாமல் பேரரசர் தோக்கியோவுக்குப் போய்விட்டார். பெரிய வெள்ளைச் சரளை முற்றம் காலியாகக் கிடக்கிறது. தலைநகரம் என்ற பெயரை வைத்துப் பிழைத்த ஊர், அரசரும் பிரபுக்களும் போன பிறகு என்ன செய்யும்? வியாபாரம் விழுந்தது, ஆட்கள் வெளியேறினார்கள். அந்த 1869-ஆம் ஆண்டிலேயே கியோட்டோ மக்கள் தெருக்காரர்களாகச் சேர்ந்து பணம் போட்டு 64 தொடக்கப் பள்ளிகளைத் திறந்தார்கள். நாடு முழுமைக்குமான பள்ளிச் சட்டம் வந்தது 1872-இல்தான். அப்படித் தொடங்கிய பள்ளிகளில் ஒன்றின் கட்டடத்தில் இப்போது மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளுக்கான அருங்காட்சியகம் நடக்கிறது. பிள்ளைகள் நடந்து நடந்து தேய்ந்த மரப்படிகளை இன்று நான் கேட்டுப் படம் எடுத்தேன், அப்பா பொறுமையாக நின்றார்.

மாலையில் ஃபுஷிமி இனாரி. நெல்லுக்கும் வியாபாரத்துக்குமான தெய்வம். மலைப்பாதை முழுக்க ஆயிரக்கணக்கில் குங்கும நிற மரவாசல்கள், ஒன்றையொன்று ஒட்டியபடி. ஏறும்போது வெறும் சிவப்புதான் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் எழுத்து: கொடுத்தவர் பெயர், கொடுத்த தேதி. சின்னக் கடைக்காரர் முதல் பெரிய நிறுவனம்வரை. மழையில் நிற்கும் மரம், அடி மக்கிக்கொண்டே இருக்கும். விழும் நிலைக்கு வந்ததை எடுத்துவிட்டு வேறொருவர் கொடுத்த புதியதை நடுகிறார்கள்.

பாதி மலைக்கு மேல் அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் மெதுவாக இறங்கினோம். ஓரிடத்தில் வாசல்களின் வரிசை விட்டுப்போய் வானம் தெரிந்தது. பழைய வாசலை எடுத்திருக்கிறார்கள், புதியது இன்னும் வரவில்லை. தரையில் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு குழிகள் மட்டும். அப்பா நின்றார். குனிந்து ஒரு குழியை எட்டிப் பார்த்து, கையால் ஆழம் அளந்தார். "ரெண்டடி வரும். இத எடுத்துக்கம்மா." எடுத்தேன். இந்தத் தொகுப்பின் கடைசிப் படம் அதுதான்.

இப்போது விடுதியில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆறு நாளில் எடுத்தது எண்ணூற்றுச் சொச்சம். ஊருக்குப் போனதும் கொஞ்சத்தைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், பட்டறைக் கூட்டாளியிடமும் அவர் மகனிடமும் காட்ட வேண்டுமாம். அந்தப் பையன்தான் எங்கள் பக்கத்தில் இன்னும் உளி பிடிக்கிறவன். அப்பா தேர்ந்தெடுத்தது பன்னிரண்டு படங்கள். சுரைக்காய் ஒட்டு மூன்று, கியோமிசு ஆப்பு நான்கு, கூந்தல் வடம், தோதாய்ஜி தூணின் இரும்புப் பட்டை, இழைப்புளி இரும்பின் கோடு, சந்தையில் அந்த இரண்டு பேர் கைகள், அந்தக் குழி.

நாளைக் காலை ஏழரைக்கு ரயில். இழைப்புளியை அவருடைய வேட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறோம். இரும்பை முன்கூட்டியே கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டார்.